மயிலுக்குப் போர்த்திய போர்வை என்ன நிறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், விடுமுறையில் பிள்ளைகள் என்னென்ன படம் பார்க்கலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் நடுவில் ஒரு பத்தி மட்டும் ஒரு வாரமாக மனசில் நெருடிக்கொண்டே இருக்கிறது. பனி ராணி, பனிமனிதன், பனிக்கரடி என்று திரை முழுக்க வெள்ளையாக ஓடும் கார்ட்டூன்களும், உறைந்துபோன ஊர்களில் நடக்கும் வெளிநாட்டுப் படங்களும் 40 டிகிரி வெயிலில் கிடக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒட்டாது, அதெல்லாம் நம் மண்ணின் கதையே இல்லை என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். வெயிலைப் பற்றி அவர் சொன்னது சரி. ஒட்டாது என்றதுதான் சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் இல்லாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் 22 வருடம் செக்கிங்கில் இருந்தவள். குளிர்கால உடுப்பு தைப்பது வெயில் காலத்தில்தான் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் ஐப்பசி, கார்த்திகையில் கடையில் தொங்க வேண்டிய சரக்கு என்றால், இங்கே சித்திரை வைகாசியிலேயே துணி கட்டிங் டேபிளுக்கு வந்துவிடும். உள்பக்கம் பஞ்சு மாதிரி எழுப்பிவிட்ட ஃப்ளீஸ் துணி. தகரக் கூரைக்குக் கீழே, ஃபேன் அனல்காற்றை அள்ளி வீசிக்கொண்டிருக்க, மடியில் ஒரு கட்டு ஸ்வெட் ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மடி வெந்துபோகும், தூசி மூக்கில் ஏறித் தும்மல் நிற்காது. எங்கோ ஒரு பிள்ளைக்குக் குளிரக்கூடாது என்று இங்கே நாங்கள் வேர்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு வருடம் சின்னப் பெண் குழந்தைகள் போடுகிற ஸ்வெட் ஷர்ட் ஆர்டர். நெஞ்சில் நீல கவுன் போட்ட ஒரு பெண், வெளிறிய தலைமுடியை ஒற்றைச் சடையாகப் பின்னி முன்னால் தொங்கவிட்டிருப்பாள், சடை முழுக்க ஜிகினா. ஜிகினா உதிர்ந்தால் ரிஜெக்ட், கண் பிரிண்ட் ஒரு நூல் விலகினாலும் ரிஜெக்ட். எங்கள் டேபிளில் அவளுக்கு ஜிகினாக்காரி என்று பேர் வைத்திருந்தோம். அவள் யார், எந்த ஊர்க்காரி என்றெல்லாம் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு ஒரு நாள் பேத்தி டிவியைப் போட்டுக்கொண்டு, "அம்மிச்சி, இங்க வா, இவதான் எல்சா" என்றாள். பார்த்தால் நம்ம ஜிகினாக்காரி! "இவளையா? இவள நான் ஆயிரக்கணக்குல பாத்திருக்கறன் கண்ணு" என்றேன். பிள்ளை நம்பவேயில்லை.

அப்புறம் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தேன். 2013-ல் டிஸ்னி எடுத்த ஃப்ரோசன். அக்காள் தங்கச்சி கதை. அக்காள் தொட்டதெல்லாம் உறைந்துபோகும் என்று தெரிந்ததும் அப்பனும் ஆத்தாளும் என்ன செய்கிறார்கள்? கையுறையை மாட்டி, கதவைச் சாத்தி, யார் கண்ணிலும் படாதே என்று வைத்துவிடுகிறார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள். இந்த மாதிரி பாசத்தில் பூட்டி வைத்த பெண் பிள்ளைகள் எத்தனை பேரை எனக்குத் தெரியும் என்று எழுத ஆரம்பித்தால் அது வேறு கடிதமாகிவிடும். நான் சொல்ல வந்தது கையுறையைப் பற்றி. முடிசூட்டு விழாவில் தங்கச்சி கையைப் பிடித்து இழுக்க, ஒரு கையுறை கழன்று வருகிறது, அதற்கப்புறம்தான் கோடை நடுவில் ஊர் முழுக்கப் பனி. ஒரு துண்டுத் துணி, அதில் மொத்தக் கதையும் நிற்கிறது. செக்கிங்கில் இருந்தவளுக்கு இதெல்லாம் உடனே கண்ணில் படும்.

அன்றிலிருந்து எந்தப் பனிப் படம் பார்த்தாலும் துணியைத்தான் முதலில் பார்க்கிறேன். மாப்பிள்ளை தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டுவார், நானும் பேத்தியும் பார்ப்போம். (பெரியவர்கள் படம் என்றால் அவள் தூங்கின பிறகு.) பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று புரிந்தது. குளிர்க் கதை எல்லாமே துணிக் கதை. யாரிடம் போர்வை இருக்கிறது, யாரிடம் இல்லை, யார் தன்னுடையதைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுக்கிறார் என்பதைச் சுற்றித்தான் அத்தனையும் நடக்கிறது.

ஃப்ரோசனுக்கு மூலமே டென்மார்க்கில் ஆண்டர்சன் 1844-ல் எழுதிய பனி ராணி கதைதானாம், ஆனால் மூலத்தைப் படித்தால் இது வேறு, அது வேறு. அதில் கெர்டா என்று ஒரு சின்னப் பெண் காணாமல்போன தோழனைத் தேடி வடக்கே போகிறாள். வழியில் ஒரு கொள்ளைக்காரி மகள் அவளைப் பிடித்து வைத்துக்கொள்கிறாள், கடைசியில் மனம் இளகி அனுப்பிவைக்கிறாள். அப்போது பாருங்கள், கெர்டாவின் அழகான மஃப், அதாவது இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொள்கிற மென்மயிர் உறை, அதைத் தனக்கே வைத்துக்கொண்டு, அதற்குப் பதில் தன் அம்மாவின் பெரிய கையுறையைக் கொடுக்கிறாள், கெர்டாவுக்கு அது முழங்கை வரை வரும். அழகானதை எடுத்துக்கொண்டு சூடானதைக் கொடுக்கிற அந்தப் பிள்ளையை எனக்கு எல்சாவைவிடவும் பிடிக்கும். இதை ரஷ்யாக்காரர்கள் 1957-லேயே கார்ட்டூனாக எடுத்துவிட்டார்கள், லெவ் அதமானோவ் இயக்கியது. ஜப்பானின் கார்ட்டூன் பட இயக்குநர் மியாசாகி தன்னை இந்தத் தொழிலில் நிறுத்திய படங்களில் ஒன்றாக அதைச் சொல்வாராம். பேத்திக்கு மொழி ஒரு வார்த்தை புரியாது, கொள்ளைக்காரி வந்ததும் எழுந்து நின்று பார்த்தாள்.

அடுத்து 2023-ல் வந்த சொசைட்டி ஆஃப் தி ஸ்னோ. நிஜமாக நடந்தது. 1972 அக்டோபரில் உருகுவேயிலிருந்து ரக்பி ஆட்டக்காரப் பையன்களை ஏற்றிக்கொண்டு போன விமானம் ஆண்டிஸ் மலையில் விழுந்தது. ஏறியவர்கள் 45 பேர், 72 நாள் கழித்து உயிரோடு வந்தவர்கள் 16 பேர். அவர்கள் என்ன தின்று உயிர் பிழைத்தார்கள் என்பதைப் பற்றியேதான் எல்லோரும் பேசுவார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. சுற்றிலும் பனி, ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. சீட்டின் பின்பக்கத்து அலுமினியத் தகட்டைக் கழற்றி, வெயிலில் சாய்த்து வைத்து, பனியை உருக்கிச் சொட்டுச் சொட்டாகப் பிடித்துக் குடித்திருக்கிறார்கள். ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புகைமண் மட்டும் வந்ததைப் பார்த்த நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தாகத்தை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

அதைவிடப் பெரியது அந்தப் படுக்கைப் பை. உதவி கேட்டு மலையைத் தாண்டிப் போக வேண்டும், ராத்திரி வெளியே படுத்தால் விறைத்துச் சாவு. விமானத்தின் வால் பகுதியில் கிடந்த, வெப்பம் கடத்தாத மெத்தைத் துணியை எடுத்து, மூன்று பேர் நுழைகிற மாதிரி ஒரு பையைக் கையால் தைத்தார்கள். தைக்க ஆரம்பித்த பையனுக்குச் சின்ன வயதில் அவன் அம்மா தையல் சொல்லிக்கொடுத்திருந்தாராம். ஊசியும் நூலும் இன்னொரு பையனுடைய தாயின் ஒப்பனைப் பெட்டியில் இருந்தவை, அந்தத் தாய் விபத்தில் இறந்துபோயிருந்தார். அந்தப் பையோடு கிளம்பிய மூன்று பேரில் ஒருவர் பாதியில் திரும்ப, மற்ற இரண்டு பேர் பத்து நாள் நடந்து ஆள் நடமாட்டமுள்ள இடத்தை அடைந்தார்கள். 16 உயிர் ஒரு தையலில் தொங்கியிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு எங்கள் பழைய டேபிள்காரி ஒருத்தி போனில் அழுதேவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1959 பிப்ரவரியில் ரஷ்யாவின் யூரல் மலையில் மலைப்பயணம் போன ஒன்பது பேர் இறந்தார்கள், தியாத்லோவ் கணவாய் என்று தேடினால் ஆயிரம் கட்டுக்கதை வரும், பேய், வேற்றுக்கிரகம் எல்லாம் வரும். ராத்திரியில் கூடாரத்தை விட்டு வெளியே ஓடியிருக்கிறார்கள், பலர் காலில் செருப்புகூட இல்லாமல். கூடாரத் துணி கிழிந்து கிடந்தது. யாரோ வெளியிலிருந்து கிழித்துத் தாக்கினார்கள் என்று விசாரணைக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்க, அதிகாரியின் சீருடைக்காக வந்த ஒரு தையல்காரப் பெண்தான் துணியைப் பார்த்துவிட்டு, இது உள்ளேயிருந்து வெட்டியது என்று சொன்னதாகச் சொல்வார்கள். பார்த்தீர்களா! இழை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், போலீஸுக்குத் தெரியாது.

இதில் ஃப்ரோசன் எங்கே வருகிறது என்றால், அந்தப் படத்துக்காகப் பனி எப்படிக் கட்டியாகும், எப்படி உதிரும், எப்படிச் சரியும் என்று கணக்குப் போட்டு ஒரு கம்ப்யூட்டர் முறையை உருவாக்கியிருந்தார்கள். யோஹான் கௌம் என்கிற பனிச்சரிவு ஆராய்ச்சியாளர் படத்தைப் பார்த்து, பனி இவ்வளவு நிஜமாக நகர்கிறதே என்று அசந்துபோய், அதைச் செய்தவர்களிடமே கேட்டு வாங்கித் தன் ஆராய்ச்சிக்கு மாற்றிக்கொண்டார். அவரும் அலெக்சாண்டர் புஸ்ரினும் 2021-ல் வெளியிட்ட கட்டுரை, கூடாரம் போடச் சரிவை வெட்டியதில் சில மணி நேரம் கழித்து ஒரு சின்னப் பனிப்பாளம் பெயர்ந்து விழுந்திருக்கலாம், இறந்தவர்களில் சிலருக்கு நெஞ்செலும்பு உடைந்திருந்ததே, அதற்கு அதுவே போதும் என்று காட்டியது. எல்லா மர்மமும் தீர்ந்தது என்று அவர்களும் சொல்லவில்லை. ஆனால் குழந்தைகள் கார்ட்டூன், நேரத்தைக் கெடுப்பது என்று ஒதுக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோகல் எழுதிய மேல்கோட்டு கதையை சோவியத் புத்தகங்கள் மலிவாகக் கிடைத்த காலத்தில் படித்தவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். பீட்டர்ஸ்பர்க் குளிரில் ஒரு ஏழை குமாஸ்தா வயிற்றைக் கட்டிச் சேர்த்துப் புதுக் கோட்டு தைக்கிறான், காலருக்கு நல்ல மென்மயிர் வாங்கக் காசு போதாமல் பூனைத் தோலை வைத்துத் தைக்கிறார்கள், போட்ட முதல் நாளே பறிபோகிறது. அதை யூரி நோர்ஷ்டெய்ன் என்பவர் 1981-லிருந்து கார்ட்டூனாக எடுத்துக்கொண்டே இருக்கிறார், இன்னும் முடியவில்லை. எங்கள் கம்பெனியில் ஷிப்மென்ட் ஒரு நாள் தள்ளிப்போனால் மெர்ச்சண்டைசர் முகம் கறுத்துவிடும். இந்த மனுசனுக்கு யார் ஆர்டர் கொடுத்தார்களோ!

டென்மார்க்கில் 2007-ல் ஒரு துப்பறியும் தொடர் வந்தது, அதில் போலீஸ்காரம்மா போட்டிருந்த பரோ தீவு ஸ்வெட்டர் தொடரைவிடப் பேர் வாங்கியது. கையால் பின்னுவது, அதனால் நமக்கு ஆர்டர் வர வாய்ப்பில்லை. 1965-ல் வந்த டாக்டர் ஷிவாகோவில் ரஷ்யப் பனிக்காக ஸ்பெயினில் பளிங்குத் தூளைக் கொட்டி, பனி மாளிகைக்கு மெழுகை ஊற்றி எடுத்தார்கள், வெயிலில் மென்மயிர்க் கோட்டு போட்டுக்கொண்டு நடிகர்கள் வேர்த்துக் கொட்டினார்களாம். சித்திரையில் ஃப்ளீஸை மடியில் வைத்திருந்தவளுக்கு அந்த நடிகர்கள் எல்லாம் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள் மாதிரி.

நம் சினிமாவுக்கு வருவோம். நம்மாட்களுக்குப் பனி என்றால் ஒரு பாட்டு. கதாநாயகன் ஜாக்கெட், மஃப்ளர், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு கைகளை விரித்து நிற்பார், கதாநாயகி கையில்லாத ரவிக்கையும் மெல்லிசுச் சேலையுமாக ஐஸ் மேல் உருள வேண்டும். எத்தனை வருடமாக இதைப் பார்க்கிறோம். அந்தப் பெண்ணுக்குக் குளிரும் என்று ஒருவருக்காவது தோன்றினதா? கட்டுரையாளர் ஒட்டாது என்று சொல்ல வேண்டியது இதைத்தான். பனிக்கு நடுவில் எடுத்துவிட்டுக் குளிரையே காட்டாமல் விட்டால் எப்படி ஒட்டும்?

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு ஒத்துப்போகிறேன். தமிழில் பேசவிட்டுப் போடுகிற படங்களில் எல்லாவற்றுக்கும் பனி, பனி என்றே வருகிறது. மார்கழி விடியலில் வாசல் தெளிக்கப் போனால் புல்மேல் இருப்பதும் பனி, வானத்திலிருந்து பூவாகக் கொட்டுவதும் பனி, கண்ணாடியாக இறுகிக் கிடப்பதும் பனி. நீலகிரிக்காரர்கள் நீர்ப்பனி, உறைபனி, மூடுபனி என்று பிரித்துச் சொல்கிறார்கள், உங்கள் ஊட்டிச் செய்திகளிலும் அப்படித்தான் வருகிறது. அதையாவது எடுத்துக்கொள்ளலாமே. ஃப்ரோசன் இரண்டாம் பாகத்தில் எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் தமிழ்க் குரல் கொடுத்திருந்தார், நன்றாகவே இருந்தது. ஆனால் அதே 2019-ல் அதே படத்துக்கு வட சாமி மொழியிலும் குரல் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஐரோப்பாவின் வட கோடியில் கலைமான் மேய்க்கிற சனம். அந்த மொழியைப் பேசுகிறவர்கள் 20,000 சொச்சம் பேர்தான். எங்கள் உடுப்பையும் பாட்டையும் பார்த்துப் படம் எடுக்கிறீர்கள் என்றால் எங்களைக் கேட்டுச் செய்யுங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் பேச்சிலும் கொடுங்கள் என்று டிஸ்னியோடு ஒப்பந்தமே போட்டிருக்கிறார்கள்.

சரி, நம் மண்ணின் கதை என்றாரே. இருக்கிறது, கொங்கின் தெற்கு எல்லையிலேயே இருக்கிறது. பழனிப் பக்கத்து பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்து, மயிலுக்கு எதுக்குடா போர்வை என்று சிரித்துவிட்டுப் போய்விட்டோம். புறநானூற்றில் பரணர் பாட்டு ஒன்றில் மயில் 'பனிக்கும்' என்று இரங்கித்தான் அவன் கொடுத்தான் என்று வருகிறது. பனிக்கும் என்றால் குளிரில் நடுங்கும். பனியும் நடுக்கமும் தமிழில் ஒரே சொல் என்று எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அது மட்டுமா, மயிலுக்கு இரங்கிய இதே பேகன் கட்டின பெண்டாட்டி கண்ணகியை விட்டுவிட்டு வேறொருத்தி வீட்டில் இருந்தான். பரணர் போய், நாங்கள் பசித்து வரவில்லை, எங்களுக்குச் சுமக்கிற குடும்பப் பாரமும் இல்லை, இன்றைக்கு ராத்திரியே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்த்துவை, அதுதான் எங்களுக்கு நீ தருகிற பரிசு என்று கேட்கிறார். கபிலர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று புலவர்கள் வரிசையாக இதையே கேட்டிருக்கிறார்கள். மயிலுக்கு உருகும் மனசு பெண்டாட்டிக்கு உறைந்துகிடக்கிறது. இதில் இல்லாத நாடகமா! கோவையில் அனிமேஷன் சொல்லிக்கொடுக்கிற கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே படிக்கிற பிள்ளைகள் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால் நல்லது. போர்வைக்கு வேண்டுமானால் சென்னிமலைத் தறிக்காரர்கள் இருக்கிறார்கள்.

பேகன் செய்தது பழங்கதை என்றும் நினைக்க வேண்டாம். டிசம்பர் வந்தால் ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூச்செடிகள் உறைபனியில் கருகாமல் இருக்கக் கோத்தகிரி மிலார் செடியை வெட்டிவந்து ஒவ்வொன்றாக மூடிவைப்பார்கள், உங்கள் பத்திரிகையிலேயே வருடா வருடம் படம் போடுகிறீர்கள். திருப்பூரிலிருந்து நாலு மணி நேரப் பயணம். பேத்தியைப் போன தடவை விடியக்காலையில் கூட்டிப்போய்க் காட்டினேன். புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஊத்துக்குளி வெண்ணெ மாதிரி கரையுது அம்மிச்சி" என்றாள். அவள் போட்டிருந்தது எங்கள் கம்பெனி ஆல்டர் பீஸ், கழித்துப்போட்டதில் எடுத்துவந்தது, ஜிகினா பாதி உதிர்ந்திருக்கும்.

இப்போது அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம். பேகன் மயிலுக்குப் போர்த்திய போர்வை என்ன நிறம் என்று தினமும் கேட்கிறாள், படம் வரைய வேண்டுமாம். தெரிந்த ஒரு தமிழாசிரியரைக் கேட்டேன், பாட்டில் நிறம் சொல்லவில்லை என்றார். உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்தால் அடுத்த வாரம் எழுதச் சொல்லுங்கள், அதுவரை நீலம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஊத்துக்குளி, திருப்பூர் மாவட்டம்